'அத வுடு பாப்பா... கொட்டும்!' - கடலூர் துறைமுகத்தில் ஒரு சங்கின் கதை

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வருகிற முதல் ஞாயிறு, கடலூர்க்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக்கிடந்த விசைப்படகுகள் திரும்பவும் கடலுக்குப் போய் வந்திருக்கும். ரெண்டு மாசமாக ஐஸ் மீனும் ஏரி மீனும் சாப்பிட்டு நாக்கு செத்துப்போனவர்கள், விடிந்தும் விடியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

செம்மண்டலத்தில் இருந்து அந்த அப்பாவும் மகளும் அப்படித்தான் கிளம்பினார்கள். மஞ்சக்குப்பம் தாண்டி, கெடிலத்துப் பாலம் ஏறி இறங்கி, திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் ஊர்ந்து, முதுநகர் போய்ச் சேரும்போது மணி ஏழு. மகளுக்கு ஒன்பது வயது. மீன் வாங்குவதில் அவளுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. அப்பாவோடு வண்டியில் போவதும், வரும் வழியில் இட்லிக்கடையில் நிற்பதும்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை.

அப்பா வஞ்சிரத்துக்கு விலை கேட்டு, அதிர்ந்து, சங்கராவுக்கு இறங்கி வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார். மகள் நாலடி தள்ளி நின்றாள். அங்கே கழிவு மீன் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. இழுவலை கடலின் அடியைத் துடைத்துக்கொண்டு வரும்போது மீனோடு சேர்ந்து வருகிற எல்லாமும் அதில் இருக்கும். விரல் நீளப் பொடிமீன், கால் உடைந்த நண்டு, நட்சத்திர மீன், கணவாய்க் குஞ்சு, பாசி, பிளாஸ்டிக், சங்கு, சிப்பி. அந்தக் குவியலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காசுக்கு ஆகிறது ஒரு பக்கம், கோழித் தீவனத்துக்குப் போகிறது இன்னொரு பக்கம்.

குவியலின் ஓரத்தில் ஒரு சங்கு கிடந்தது. சங்கு என்றால் பூஜை அறைச் சங்கு மாதிரி இல்லை. ஐஸ்க்ரீம் கோன் மாதிரி, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர்மை. நல்ல பழுப்பு நிறம். அதன்மேல் சின்னச் சின்ன வெள்ளை முக்கோணங்கள், யாரோ பொறுமையாக உட்கார்ந்து அச்சுக் குத்திய சேலை பார்டர் போல. சிறுமி குனிந்து எடுத்தாள். ஈரத்தைக் கவுனில் துடைத்தாள். பாக்கெட்டுக்குள் போடப்போனாள்.

"ஏய் பாப்பா, அத வுடு! வுடுன்னு சொல்றேன்ல!"

சத்தத்தோடு கூடவே ஒரு புறங்கை வந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. சங்கு தெறித்துத் தரையில் உருண்டது. சிறுமியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்பா சங்கராவை அப்படியே தராசில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, புள்ளைய ஏன் அடிக்கிற?"

"அடிக்கல சார். அது கொட்டும்."

"சங்கு போயி கொட்டுமா? அது என்ன தேளா?"

"தேளு வாலத் தூக்குனா கண்ணுக்குத் தெரியும் சார். இது எதையும் தூக்காது. கொட்டுனதுக்கு அப்புறம்தான் தெரியும்."

அறுபது வயதைத் தொட்டிருக்கும் அந்த ஆயா அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு தகர மூடியால் சங்கை அள்ளி, பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் போட்டுவிட்டு, விட்ட இடத்தில் இருந்து மீனைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். சுற்றி நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் கோபமும் இருந்தது. மகளை அழைத்துக்கொண்டு இட்லிக்கடைக்குப் போனார்.

அன்று ராத்திரி பத்து மணிக்குமேல், எல்லாரும் படுத்த பிறகு, சும்மா பார்ப்போமே என்று போனில் தேடினார். அதன்பிறகு அவர் தூங்குவதற்கு வெகுநேரம் ஆனது.

ஆயா சொன்னது சரிதான். அது கூம்பு நத்தை. விஞ்ஞானிகள் வைத்த பெயர் கோனஸ். உலகக் கடல்களில் 900-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாமே வேட்டையாடும் பிராணிகள், எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. துறைமுகத்தில் சிறுமி கையில் எடுத்தது, அந்த முக்கோணப் படத்தை வைத்துப் பார்த்தால், கோனஸ் அமாடிஸ். தமிழகக் கடற்கரையில் இழுவலையில் சாதாரணமாக மாட்டுகிற இனம்.

நத்தை எப்படி வேட்டையாடும்? மழைக்காலத்தில் கொல்லைச் சுவரில் ஊர்கிற நத்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. கூம்பு நத்தையும் அதே வேகம்தான். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரவில் வெளியே வரும். ஓடிப்போய் எதையும் பிடிக்க முடியாது என்பதால்தான் அது ஆயுதம் செய்துகொண்டது.

அதன் முன்பக்கத்தில் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அதற்கு மூக்கு. தண்ணீரை இழுத்து, இரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும். கிட்டே போனதும் இன்னொரு உறுப்பு வெளியே வரும். யானையின் தும்பிக்கை மாதிரி நீளக்கூடிய வாய். அந்த வாயின் நுனியில் ஒரு பல் தயாராக இருக்கும். பல் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது உள்ளே துளை உள்ள, முனையில் கொக்கி உள்ள ஒரு ஈட்டி. இறால் ஓடு எதனால் ஆனதோ அதே கைட்டினால் ஆனது. இரை மேல் தும்பிக்கை பட்டதும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில் ஈட்டி பாய்ந்துவிடும். துளை வழியே விஷம் இறங்கும். ஒரு ஈட்டி ஒரு தடவைக்குத்தான். முடிந்தால் அடுத்தது. நத்தையின் உடம்புக்குள் ஒரு பையில், அம்பறாத்தூணி மாதிரி, மிச்ச ஈட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

பெரும்பாலான இனங்கள் கடல் புழுக்களைத்தான் தின்கின்றன. சில இனங்கள் மற்ற நத்தைகளைத் தின்னும், நம் அமாடிஸ் அந்த ரகம். இன்னும் சில மீனையே பிடிக்கும். அவைதான் மனிதர்களுக்கு ரொம்ப ஆபத்தானவை. நத்தை துரத்தி மீனைப் பிடிக்க முடியாது, கொட்டியபின் மீன் நாலு அடி நீந்திப்போனால்கூட இரை போய்விடும். அதனால் மீன் அசையவே கூடாத அளவுக்கு அதன் விஷம் வேகமாக வேலை செய்தாக வேண்டும். மீனின் நரம்பும் நம் நரம்பும் ஒரே மாதிரியான அமைப்பு என்பதுதான் நம்முடைய துரதிர்ஷ்டம்.

அப்பா அன்று ராத்திரி படித்ததில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பழைய சம்பவம். 1935-ல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவுக்குச் சுற்றுலா போன 27 வயது இளைஞர் ஒருவர், அழகாக இருக்கிறதே என்று ஒரு சங்கைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தியால் மேல்தோலைச் சுரண்டினார். உள்ளே உயிர் இருந்தது. கொட்டியது பெரிதாக வலிக்கக்கூட இல்லை. உதடு மரத்தது, பார்வை மங்கியது, கால் விழுந்தது, சில மணி நேரத்தில் ஆள் இல்லை. அது கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற மீன் பிடிக்கும் இனம். உலகம் முழுக்கக் கூம்பு நத்தை கொட்டி இறந்ததாகப் பதிவானவர்கள் முப்பது சொச்சம் பேர். அதில் பெரும்பாலானோரைக் கொன்றது இந்த ஒரே இனம்தான்.

அந்த இனம் பவளப்பாறைக் கடலில் வாழ்வது. கடலூர்க் கடலின் அடி மணலும் சேறும். ஆகவே துறைமுகத்தில் சிறுமி கையில் எடுத்தது உயிரைக் குடிக்கிற சங்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அமாடிஸையும் ஜியோகிராஃபஸையும் பார்த்ததும் பிரித்துச் சொல்ல மீன் வாங்க வந்த யாருக்குத் தெரியும்? தங்கச் சரிகை போட்டது போல மின்னும் கோனஸ் டெக்ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது. ஆபத்தான பட்டியலில் எப்போதும் பேர் வருவது. அதுவும் தமிழகக் கடலில் உண்டு. கவுன் பாக்கெட்டில் போட்டிருந்தால்? இந்த ஈட்டி மெல்லிய துணியைத் தாண்டியும் பாயும்.

காலையில் எழுந்ததும் அப்பா செய்த முதல் வேலை, ஹாலில் இருந்த ஷோகேஸைத் திறந்தது. தஞ்சாவூர் பொம்மைக்கும் ஸ்கூல் கப்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அவருடைய அம்மா, அதாவது சிறுமியின் அப்பாயி, கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்தில் வாங்கிவந்த சங்குகள். சோழி, ஐவிரல் சங்கு, பேர் தெரியாத பொடிசுகள். அடியில், அதே பழுப்பு, அதே முக்கோணம். நாற்பது வருஷமாக வீட்டுக்குள் இருக்கிறது. அவரே சின்ன வயதில் அதைக் காதில் வைத்துக் கடல் சத்தம் கேட்டிருக்கிறார்.

"அப்பாயி, இது கொட்டுமா?" என்று பேத்தி கேட்டாள்.

"வெறும் ஓடுடி அது. உள்ள ஆளில்ல" என்றார் அப்பாயி.

அது உண்மை. கடையில் சுத்தம் செய்து விற்கும் காலி ஓட்டில் எந்த ஆபத்தும் கிடையாது. ஓட்டுக்குள் ஆள் இருக்கும்போதுதான் வம்பு. இருக்கிறதா இல்லையா என்பது வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

இந்த ஓடுகளின் மேல் மனிதர்களுக்கு இருந்த பைத்தியம் தனிக்கதை. ரெம்ப்ராண்ட் என்ற டச்சு ஓவியர் 1650-ல் ஒரு கூம்புச் சங்கைச் செதுக்கு ஓவியமாக வரைந்தார். அச்செடுக்கும்போது படம் இடவலமாகத் திரும்பிவிடும் என்று தெரிந்து தன் கையெழுத்தைத் தலைகீழாகப் போட்டவர், சங்கைத் திருப்பிப்போட மறந்துவிட்டார். ஆகவே அந்த ஓவியத்தில் அது இடம்புரி வலம்புரி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1796-ல் ஹாலந்தில் நடந்த ஏலம் ஒன்றில் ஒரு கூம்புச் சங்கு 243 கில்டருக்குப் போனது. அதே ஏலத்தில் வெர்மீர் வரைந்த, இன்றைக்கு விலை மதிக்கவே முடியாத ஓவியம் ஒன்று 43 கில்டருக்குப் போனது. நம் நாட்டிலும் 'இந்தியாவின் பெருமை' என்று சங்கு சேகரிப்பவர்கள் அழைக்கிற கோனஸ் மில்னே எட்வர்ட்ஸியை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அட்டவணை அது.

ஆனால் சங்கைச் சேகரித்த கனவான்கள் யாரும் அதைக் கடலில் இருந்து தங்கள் கையால் எடுத்ததில்லை. எடுத்தது வேறு கைகள். கூம்பு நத்தை கொட்டி ஒருவர் இறந்ததைப் பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவு, 1705-ல் வெளியான டச்சுப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. எழுதியவர் ரம்ஃபியஸ். இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஜெர்மானியர். நடுவயதில் கண் பார்வை போனபிறகும் விடாமல் அந்தத் தீவுகளின் செடிகொடிகளையும் சிப்பி சங்குகளையும் பற்றிச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர். புத்தகம் அச்சாகி வருவதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துவிட்டார்.

அவர் பதிவு செய்த சம்பவம் பாண்டா தீவில் நடந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அடிமைப் பெண், வலையில் வந்த சின்னச் சங்கு ஒன்றைக் கையில் எடுத்தாள். கரைக்கு நடந்து வரும்போது கையில் லேசாக அரிப்பு. அது மெல்லக் கையில் ஏறி, உடம்பெல்லாம் பரவி, அவள் இறந்துபோனாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். சங்குக்குப் பெயர் உண்டு, தீவுக்குப் பெயர் உண்டு, அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

பாண்டா எங்கேயோ இருக்கிறது என்று கடலூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ள முடியாது. அதே டச்சுக்காரர்கள் 1600-களின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி நம் தேவனாம்பட்டினத்தில் இறங்கியவர்கள்தான். பரங்கிப்பேட்டையிலும் கடை போட்டார்கள். இந்தக் கரையில் நெய்த துணியை வாங்கிக்கொண்டுபோய் அந்தத் தீவுகளில் கொடுத்துத்தான் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். வலை இழுத்த அந்தப் பெண் எந்த ஊர்க்காரியோ!

திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், அப்பா இன்னொரு விஷயத்தையும் சொன்னார். இந்த விஷத்தில் இருந்து வலி மருந்து செய்திருக்கிறார்களாம்.

"அப்படின்னா எனக்கு ஒண்ணு வாங்கியாயேன். இந்த முட்டி படுத்துற பாட்டுக்கு, ஆயா டப்பாவுல கைய வுட்டுடறேன்" என்றார் அப்பாயி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த மருந்தின் கதை நிஜம். அது தொடங்கியதும் நம்மைப் போன்ற ஒரு கடலோர ஊரில்தான்.

பால்டொமெரோ ஒலிவெரா பிலிப்பைன்ஸ்காரர். சின்ன வயதில் சங்கு பொறுக்கிச் சேர்த்தவர். அமெரிக்காவில் டிஎன்ஏ பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, பழைய ஆராய்ச்சியைத் தொடர மணிலாவில் கருவிகள் இல்லை. காசு அதிகம் செலவாகாமல், கைக்குக் கிடைக்கிற பொருளை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, கூம்பு நத்தையை எடுத்தார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடலே இல்லாத மாநிலம் அது!

அங்கே அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த கல்லூரி மாணவர்கள்தான் கதையைத் திருப்பினார்கள். கிரெய்க் கிளார்க் என்ற மாணவர், விஷத்தை மொத்தமாகச் சோதிக்காமல் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு பகுதிக்கும் எலி ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. ஒன்றுக்கு நடுங்கியது. ஒன்றுக்குத் தூங்கியது. தூங்க வைத்த பொருளுக்கு, பிலிப்பைன்ஸ் மொழியில் 'தூங்குமூஞ்சி' என்று பொருள்படும் சொல்லை வைத்தே பெயர் சூட்டினார்கள். விஷம் என்று நாம் ஒற்றைச் சொல்லாகச் சொல்வது, ஒரே நத்தைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் புரதத் துண்டுகளின் கலவை. ஒவ்வொன்றும் நரம்பில் ஒரு குறிப்பிட்ட கதவை மட்டும் போய்ப் பூட்டுகிறது, அல்லது திறந்தபடி நிறுத்துகிறது.

மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இன்னொரு மாணவர், பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தவர். கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் விஷத்தில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு நரம்பில் இருந்து அடுத்த நரம்புக்குத் தாண்டுகிற இடத்தில், கால்சியம் நுழைகிற வாசலை அது அடைத்துவிடுகிறது. செய்தி தாண்டவில்லை என்றால் வலி மூளைக்குப் போய்ச் சேராது. அதே சங்கிலியை ஆய்வகத்தில் அச்சு அசலாகச் செய்து, ஜிகோனோடைட் என்று பெயர் வைத்தார்கள். பிரியால்ட் என்ற பெயரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது 2004 டிசம்பரில்.

2004 டிசம்பர் என்றால் கடலூருக்கு வேறு அர்த்தம். அந்த மாதம் 26-ம் தேதி தேவனாம்பட்டினத்தில் அலை ஏறியது. கடலில் இருந்து ஒரு மருந்து வந்திருக்கிறது என்ற செய்தியைப் படிக்கிற நிலையில் அன்று இந்தக் கரையில் யாரும் இல்லை.

அப்பாயியின் முட்டிக்கு இந்த மருந்து ஆகாது. மாத்திரையாக விழுங்கினால் வேலை செய்யாது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள், சின்ன பம்ப் ஒன்றின் மூலம் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். தலைசுற்றல், குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. புற்றுநோய் போன்றவற்றில் வேறு எதற்கும் கட்டுப்படாத வலி இருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். மார்பீனைப் போலப் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டிய தொல்லை இல்லை என்பது பெரிய விஷயம். புற்றுநோய் வார்டில் ஒரு ராத்திரி உடனிருந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

2015-ல் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஜியோகிராஃபஸ் தன் வாயை வலை மாதிரி விரித்து மீன்களை வளைக்கும்போது தண்ணீரில் இன்சுலினைக் கலக்கிறது. மீனுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, மயங்கி, தானாக வாய்க்குள் போய்விடுகிறது. வீட்டுக்கு ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிற நம் ஊரில், இதைக் கேட்டால் ஆச்சர்யப்படாமல் இருக்க முடியுமா?

இந்த ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். செம்மண்டலத்தில் இருந்து சிதம்பரம் போகிற வழியில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பேராசிரியர் எஸ்.அந்தோணி பெர்னாண்டோவும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ்.கிருஷ்ணனும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து, தமிழகக் கடற்கரையில் எங்கெங்கே எந்தெந்தக் கூம்பு நத்தை இருக்கிறது என்று தேடித் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2003-ல், கிருஷ்ணனும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.பலராமும் தங்கள் குழுவினரோடு ஒரு கட்டுரை எழுதினார்கள். நரம்பில் சோடியம் போகிற வாசலை மூடவிடாமல் செய்கிற ஒரு விஷப்பொருளைப் பற்றியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஏஎம் 2766. 2766 என்பது அந்த மூலக்கூறின் எடை. ஏஎம் என்றால் அமாடிஸ். அப்பாயியின் கண்ணாடிக் கிண்ணத்தில் நாற்பது வருஷமாகக் கிடக்கிற அதே அமாடிஸ்!

இத்தனையும் தெரிந்துகொண்ட அப்பாவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. உண்மையில் அதைக் கேட்டது மகள்தான்.

"அந்த ஆயாவுக்கு எப்படிப்பா தெரியும்?"

அடுத்த ஞாயிறு அவர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் ரப்பர் கையுறை ரெண்டு ஜோடி வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். மகளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆயா அதே இடத்தில் இருந்தார். போன வாரம் பேசியதற்கு மன்னிக்கச் சொல்லி அப்பா தடுமாறியபோது, அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "புள்ள நல்லாருக்குல்ல?" என்றார். கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கை பொடிமீனை அள்ளினார். பாதி நழுவி விழுந்தது.

"வழுக்குது சார். இதப் போட்டுக்கிட்டு நான் ஒரு கூடை பிரிக்கறதுக்குள்ள மத்தவங்க மூணு கூடை பிரிச்சுடுவாங்க. கூடைக்குத்தான் காசு." கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "வூட்டுல பேரனுக்கு ஆவும்."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, மாமியார் என்றார். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே சொன்னாராம், படம் போட்ட சங்கைக் கையால் தொடாதே, தகரத்தால் தள்ளு என்று. மாமியாருக்கு அவருடைய மாமியார் சொல்லியிருக்கலாம். பெயர் எல்லாம் கிடையாது. படம் போட்ட சங்கு, அவ்வளவுதான்.

"யாரையாச்சும் கொட்டியிருக்கா ஆயா?"

"எங்க நாத்தனார கொட்டுச்சுன்னுதான் நெனைக்கிறேன். இருபது வருசம் இருக்கும். விரல்ல சுருக்குன்னுச்சாம். முழங்கை வரிக்கும் மரத்துப்போயி ரெண்டு நாளு கெடந்தா. கெளுத்தி முள்ளு குத்திடுச்சுன்னாங்க, திருக்கை முள்ளுன்னாங்க. இம்மாங் குப்பையில எது குத்துச்சுன்னு யாரு பாத்தா?"

ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று அப்பா கேட்டார். மஞ்சள் வைத்துக் கட்டியதாகச் சொன்னார்.

கூம்பு நத்தை விஷத்துக்கு முறிவு மருந்து உலகத்தில் எங்கேயும் இல்லை. கொட்டிய இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, மஞ்சள் அப்புவது எதுவும் உதவாது. கொட்டுப்பட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அகலத் துணியால் சுற்றிக் கட்டி, ஆடாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சுத் தசை செயலிழந்தால் மூச்சு கொடுக்கும் கருவிதான் உயிரைப் பிடித்து வைக்கும். விஷத்தின் வேகம் தணியும் வரை தாக்குப்பிடித்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். அகலமான பக்கத்தைப் பிடித்தால் கொட்டாது என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். அந்தத் தும்பிக்கை வளைந்து பின்பக்கம் வரைகூட வரும். அப்பா இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள் ரெண்டு மூன்று பேர் கை வேலையை நிறுத்தாமலே கேட்டார்கள். "அகலத் துணின்னா சேலத் துணி ஆவுமா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆகும் என்றார்.

உலகம் முழுக்க முப்பது சொச்சம் மரணங்கள் என்ற கணக்கு, யாராவது பார்த்து, அடையாளம் கண்டு, எழுதி வைத்த கணக்கு. கெளுத்தி முள் என்று மஞ்சள் வைத்துக் கட்டிய விரல்கள் அந்தக் கணக்கில் வராது.

சிறுமி பெயின்ட் டப்பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள், அப்பா வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார். டப்பாவில் கொஞ்சம் கடல்தண்ணி, அதற்குள் ஏழு சங்குகள். சங்கு யாவாரி வந்தால் எடையில் போடுவதற்கு ஆயா சேர்த்து வைத்திருப்பது.

"இதுல எது உயிரோட இருக்கு ஆயா?"

"அது எனக்கும் தெரியாது. யாவாரிக்கும் தெரியாது. செத்த நேரம் பேசாம பாரு."

சிறுமி பேசாமல் பார்த்தாள். ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. ஏலம் விடுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், ஒரு படகு டீசல் புகையோடு உள்ளே வந்து திரும்பியது. பிறகு ஒரு சங்கின் கூர்மையான நுனியில் இருந்து சின்னக் குழல் ஒன்று மெதுவாக வெளியே வந்தது. தண்ணீருக்குள் இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. சிறுமி இருந்த பக்கம் திரும்பி நின்றது.

"அப்பா, மோந்து பாக்குதுப்பா" என்றாள்.

அப்பா அவள் கவுன் காலரைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தார்.